தொலையாத மனிதரைத் தொலைத்தேன்

ரிட்டயர் ஆனபிறகு எனக்குப் பிடித்த வியாதிகள் மூன்று. முழங்கால் வலி, வாட்ஸ்அப், நல்ல குணம். முழங்காலுக்குத் தைலம் இருக்கிறது. வாட்ஸ்அப்பை டேட்டா தீர்ந்தால் மூடி வைத்துவிடலாம். நல்ல குணத்துக்குத்தான் மருந்தே கிடையாது. அது வந்தால் ஊரில் நாலு பேரைப் படுத்தாமல் போகாது.

அதற்கு முன்னால் நான் யாருக்கும் உதவாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்த காலம் முழுக்க உதவிக்கொண்டேதான் இருந்தேன். மேலதிகாரியின் மாமியார் திருத்தணிக்குச் சாமி பார்க்க வந்தால், கூடவே மலைக்குப் போய், தரிசனம் பண்ணிவைத்து, பிரசாதப் பையைத் தோளில் சுமந்து ரயிலேற்றிவிட்டவன் நான். தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் பையனுக்கு லோக்கல் வண்டியில் தினமும் துண்டு போட்டு ஜன்னலோர சீட் பிடித்து வைத்தவனும் நானே. என் வீட்டுப் பட்டா மாற்றம் முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பையன் நின்றுகொண்டே போனான், அது வேறு விஷயம்.

இந்தப் பெருமையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அதுல உங்களுக்கு ஒண்ணும் ஆவாதவங்க ஒருத்தராவது கீறாங்களா?" என்று கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். ரசம் சாதம் முடிந்து மோர் சாதம் வந்துவிட்டது. ஒருத்தர் கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

எரிகிற புண்ணில் உப்பு போட்ட மாதிரி, மறுநாள் காலையிலேயே எங்கள் ரிட்டயர்டு ஆட்கள் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. திருப்பிச் செய்ய வழியில்லாதவனுக்குச் செய்வதுதான் குணம், மற்றதெல்லாம் கொடுக்கல் வாங்கல் என்று எழுதி, கீழே சூரியோதயமும் இரண்டு ரோஜாப்பூவும் போட்டிருந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எனக்கு ஒன்றுமே ஆகாத ஒருத்தருக்கு உதவிவிட்டுத்தான் மறுவேலை என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊரில் ஆள் இல்லாமலா போய்விடும்?

அன்றைக்குக் கிருத்திகை. கிருத்திகை அன்று எங்கள் திருத்தணியில் முடி வைத்திருப்பவன்தான் வேற்றாள். பார்க்கிற தலையெல்லாம் மொட்டை, மொட்டையெல்லாம் சந்தனம். பாதிக் கூட்டம் ஆந்திராப் பக்கத்திலிருந்து வரும். எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் ஒரு வாய்ப்பாடு உண்டு. மொட்டை, சந்தனம், வாயில் தெலுங்கு, மூன்றும் சேர்ந்தால் திருப்பதி பஸ்ஸைக் காட்டிவிட வேண்டியது. எங்கள் ஊரிலேயே பாதி வீட்டில் தெலுங்குதான், நானும் என் அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அக்கா வீட்டுக்காரர் எனக்கு பாவா. அப்படியிருக்க நான் எந்த ஆந்திராவிலிருந்து வந்தேன்? இதை யோசிக்க வேண்டிய மூளை அன்றைக்கு லீவில் இருந்தது.

மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில், சுவர் நிழலில், அவர் உட்கார்ந்திருந்தார். எழுபது எழுபத்தைந்து வயதிருக்கும். புது மொட்டை, ஈரச் சந்தனம், மஞ்சள் வேட்டி, மேலே ஒரு துண்டு மட்டும். காலில் செருப்பு இல்லை. போகிற வருகிறவர்களை ஒரு சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கென்றே முருகன் அனுப்பிவைத்த ஆள் என்று முடிவு கட்டினேன்.

"எவரு தாத்தா? ஏ ஊரு?" என்று கேட்டேன். என் தெலுங்கின் மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

"மாதி புத்தூரு" என்றார். எங்களுக்குப் புத்தூர் என்று சிரித்தார்.

புத்தூர் நகரிக்கு அந்தப் பக்கம், திருப்பதி போகிற வழி. வாய்ப்பாடு சரியாக வந்துவிட்டது. கூட வந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். "அம்மாயி வஸ்துந்தி" என்றார். பொண்ணு வரும். நன்றாகத்தான் காதில் விழுந்தது. காதில் விழவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கையில் கிடைத்த புண்ணியத்தை ஒரு பொண்ணு வந்து பிடுங்கிக்கொண்டு போகிறதா என்ற அவசரம் எனக்கு. "வரும் வரும், வீட்டுக்கே வந்துடும்" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "அம்மாயி வஸ்துந்தி" என்று மறுபடியும் சொன்னார். பிறகு குழந்தை மாதிரி கூடவே வந்தார்.

ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். திருப்பதி பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தேன், டிக்கெட் எடுத்தேன், ஒரு பிஸ்கெட் பாக்கெட்டைக் கையில் திணித்தேன். "பெரியவர புத்தூர்ல பத்திரமா எறக்கி விடுங்க" என்று கண்டக்டரிடம் பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கடைசியாக, அதுதானே முக்கியம், அவர் பக்கத்தில் குனிந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். பஸ் போனது. அவர் கையை ஆட்டிக்கொண்டே போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது. என் நல்ல மனசை நினைத்து.

திரும்ப மலையடிவாரத்துக்கு வந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தேன். "கைம்மாறு கருதாமல்" என்று மேலே எழுதினேன். எழுதிவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். முதல் ஆளாக மனைவி பார்த்திருந்தாள். "பக்கத்துல யாரு? காது மட்டும் தெரியுது" என்று பதில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். முக்கால்வாசி என் மூஞ்சி, ஓரத்தில் அவருடைய ஒரு காதும் கொஞ்சம் சந்தனமும்.

அப்போதுதான் அந்தப் பொண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். அவளும் மொட்டை. மஞ்சள் சேலை. தோளில் ஒரு கட்டைப்பை, கையில் இரண்டு ஜோடி செருப்பு. தேங்காய் பூ வாங்கிய கடையில் செருப்பை விட்டுவிட்டு மலையேறுவது வழக்கம், அதைத் திரும்ப வாங்கி வருகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தச் சுவரோரம் வந்து நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் போகிற ஒவ்வொரு மொட்டையின் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, "எங்க நைனாவ பாத்தீங்களா? இங்கதான் குந்திகினு இருந்தாரு" என்று கேட்க ஆரம்பித்தாள். அடையாளம் கேட்டார்கள். "மொட்டை, சந்தனம்" என்றாள். கேட்டவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். ஐந்நூறு பேர் இருந்தார்கள் அப்படி.

இப்போது எழுதும்போது உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, அது நேராக எங்கள் தெருவுக்குப் போகும் என்று கால் நினைத்துக்கொண்டிருந்தது. அவர் புத்தூர்க்காரர், இவள் வேறு யாரையோ தேடுகிறாள் என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது.

அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், சுவரோரம் திரும்ப வந்தாள். பெரியவருடைய செருப்பை அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கீழே வைத்தாள். இடது வலது பார்த்து, வந்தால் அப்படியே காலை நுழைக்கிற மாதிரி ஜோடியாக வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றாள். அதற்கு மேல் அந்தச் சந்து வழியை நினைக்க என்னால் முடியவில்லை.

கிட்டே போனேன். "யம்மா, பெரியவரையா தேடுற?"

"ஆங், எங்க நைனா. பாத்தீங்களாண்ணா?"

"பத்திரமா கீறாரு."

அவள் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள். "முருகா. எங்கண்ணா?"

"பஸ்ஸுல."

"எந்த பஸ்ஸுல?"

"புத்தூர் பஸ்ஸுல. நான்தான் ஏத்தி வுட்டேன்."

அடுத்து அவள் வாயைத் திறந்தபோது அண்ணாவும் போய்விட்டது, ங்கவும் போய்விட்டது. "யோவ், உனக்கு இன்னா பைத்தியமா? நாங்க அம்மையார்குப்பம்யா, இங்கதான் பக்கத்துல! புத்தூர்ல எங்களுக்கு யாரு கீறா? அவரு அங்க பொறந்தவரு, அவ்ளோதான். மறதி நோய்யா அவருக்கு. எந்த ஊருன்னா பொறந்த ஊரத்தான் சொல்லுவாரு. நான் வர்றேன்னு சொல்லலியா உன்கிட்ட?"

"சொன்னாரு" என்றேன்.

"சொன்னாரா?"

"ரெண்டு வாட்டி."

கூட்டம் கூடிவிட்டது. அவள் அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டினாள். போன வருஷம் இப்படித்தான் வீட்டை விட்டு நடந்தவர் நடந்துகொண்டே போய், இரண்டு நாள் கழித்து ஒரு ஏரிக்கரையில் மயங்கிக் கிடந்தாராம். சர்க்கரை வேறு. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் விழுந்துவிடுவாராம். போன் நம்பர் எழுதிய சீட்டை எப்போதும் சட்டைப்பையில் குத்தி வைப்பாளாம். மொட்டை போட்டுக் குளித்ததால் சட்டை இவள் பையில் இருந்தது. "நைனாவுக்கு ஞாபகம் திரும்ப வரணும்னு வேண்டிக்கினு முடி குடுத்தேன்யா. ஆளையே கொண்டுபோய்ட்டியே பாவி" என்றாள். பாவி என்பதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரைக் கேட்டோம். ஆந்திரா வண்டி, கண்டக்டர் நம்பர் தெரியாது என்றார். ஆட்டோக்காரர்கள் பார்டரைத் தாண்டி வரமாட்டேன் என்றார்கள். அடுத்த பஸ்ஸுக்குக் கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரமும் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "நீங்க வரத் தேவையில்ல" என்று மட்டும் சொன்னாள். அந்த ங்க, திட்டியதை விட மோசமாக இருந்தது. நான் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மனைவிக்குப் போன் போட்டு, சாப்பாட்டுக்கு வரமாட்டேன், இப்படி ஆகிவிட்டது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள். அப்புறம் குரல் மாறி, "அந்தப் பொண்ணு சாப்ட்டாளா? எதுனா வாங்கிக் குடுங்க. அந்த ஸ்டேட்டஸ மொதல்ல எடுத்துத் தொலைங்க" என்றாள். எடுத்தேன். அதற்குள் இருபத்து மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள்.

நகரியில் பஸ் நின்றபோது அவள் குதித்து இறங்கிப் பழக்கடை, டீக்கடை எல்லாம் விசாரித்தாள். பின்னாலேயே ஓடினேன். என் போனைப் பிடுங்கி அந்தப் போட்டோவைக் காட்டினாள். ஒரு கடைக்காரர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது இவருதானே?" என்றார். அடுத்த கடையிலும் அதேதான். மூன்றாவது ஆள், "இவரு தொலையலியேமா, உன் பின்னாலதான் நிக்கிறாரு" என்று சமாதானமே சொன்னார். அவள் போனை என் கையில் திருப்பிக் கொடுத்த விதத்தை இங்கே எழுதப்போவதில்லை. பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறினோம்.

நகரியிலிருந்து புத்தூர் வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த வெயிலில், செருப்பில்லாத காலோடு, பொறந்த வீட்டைத் தேடி அவர் எந்த ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறார்? மணி ஒன்று தாண்டிவிட்டது. பிஸ்கெட் கொடுத்தேனே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். சர்க்கரைக்காரருக்கு க்ரீம் பிஸ்கெட் கொடுத்திருக்கிறேன். முருகா, அவரைக் காட்டிவிடு, இனிமேல் நான் யாருக்கும் எந்த நல்லதும் செய்யமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் எங்கள் மலைக்கு இதுவரை வந்திருக்காது.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைக் காணோம். பெஞ்சுகளில் இல்லை, தண்ணீர்க் குழாயடியில் இல்லை. அவள் குரல் உடைந்து, "நைனா! நைனா!" என்று கத்திக்கொண்டு சுற்றினாள். அந்த ஊரில் பாதி ஆம்பளைகள் நைனா. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே போகிற வழியில், சாக்கு விரித்து, கொய்யாப்பழம் குவித்து வைத்திருந்த இடத்தில், கடைக்காரர் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். முன்னால் உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தது. முதுகு நேராக, ரொம்ப உத்தியோகமாக இருந்தார்.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொய்யாக்காரம்மா கையில் டீ தம்ளரோடு வந்தாள். வந்ததும் தெலுங்கில் ஒரு பிடி பிடித்தாள். எந்த மகராசன் இவரை ஏற்றிவிட்டானோ தெரியாது, இறங்கி திருதிருவென்று நின்றார், வீடு எங்கே என்றால் நாலு பக்கமும் கை காட்டினார். அதனால் எங்கேயும் அனுப்பவில்லை. தலையில் சந்தனமே காயவில்லை, தொலைத்தவர்கள் எப்படியும் பஸ்ஸில்தானே தேடி வருவார்கள், அதுவரை கடையைப் பார்த்துக்கொள் என்று உட்கார வைத்தேன் என்றாள். தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாளாம். அதையெல்லாம் அவள் ஒரு வேலையாகவே சொல்லவில்லை. அவளுடைய புகார் வேறு. "கடையப் பாத்துக்கன்னா, போறவன் வர்றவனுக்கெல்லாம் பழத்த சும்மா தூக்கிக் குடுத்துட்டாரும்மா உங்க நைனா. கேட்டா, பாவம், பசியா இருந்தான்றாரு." சொல்லிவிட்டு டீயை அவர் கையில் வைத்தாள். "வயசானவராச்சேன்னு சக்கர போடல" என்றாள். நான் அவளைக் கும்பிட்டு ஏதோ பேச வாயெடுத்தேன். வழியை மறைக்காதே, வியாபாரம் கெடுகிறது என்று என்னை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

பெரியவர் டீயைக் குடித்துக்கொண்டே மகளிடம் முறையிட்டார். "நீ வருவேன்னு சொன்னேம்மா. ஒருத்தன் அத காதுலயே வாங்கல. கையப் புடிச்சு இழுத்துகினு போய்ட்டான். நல்லவன் மாதிரியே பேசினான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சரி, இதைச் சொல்லாமல் தப்பிக்கக்கூடாது என்று அவர் முன்னால் போய்க் குந்தினேன். "அது நான்தான், பெரியவரே. தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். யார் என்று தெரியவே இல்லை. நான் சொன்னதும் ஏறவில்லை. என் வியர்வையையும், கலைந்த தலையையும், கலங்கிய கண்ணையும்தான் பார்த்தார். "ஏண்டா நைனா அழுவுற?" என்று பெற்ற பிள்ளையைக் கேட்கிற மாதிரி தெலுங்கில் கேட்டார். "கூட வந்தவங்க எங்க? உட்டுட்டுப் போய்ட்டாங்களா?"

அவர் குவியலில் தேடி, நல்லதாக ஒரு கொய்யாவை எடுத்து, துண்டில் துடைத்து என் கையில் வைத்தார். கொய்யாக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்து, "இவனையும் கூட்டிகினு போயி வீட்ல வுட்டுடும்மா. பாவம், வழி தெரியாம கீறான்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணியோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "எழுந்திரிண்ணா, பஸ்ஸு வந்துடுச்சு" என்றாள்.

மூன்று பேர் சீட்டில் அவரை நடுவில் உட்கார வைத்தோம். வண்டி புறப்பட்டதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகரியில் கூட்டம் ஏறி இறங்கியபோது இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் எங்கேயாவது இறங்கித் தொலைந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். திருத்தணி வருகிறவரை விடவே இல்லை.